1981 பத்மினியும் பதினான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளும்

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு வீட்டின் கொட்டகையில், தேங்காய் மட்டைக் குவியலுக்கும் பழுதான மோட்டார் பம்புக்கும் நடுவே நின்றிருந்த 1981-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி கார் ஒன்றை 70,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதைச் சாலையில் நம்பி ஓட்டக்கூடிய வண்டியாகவும், என் மனத்துக்குப் பிடித்த வண்டியாகவும் ஆக்கி முடிக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. பழைய கார் வாங்கிச் சீரமைக்க நினைக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவைத் தொடங்கினேன். எதையெல்லாம் மாற்றினேன் என்பதைவிட, எதை மாற்றாமல் விட்டேன், ஏன் விட்டேன் என்பதைத்தான் இதில் அதிகம் சொல்ல விரும்புகிறேன். உண்மையில் அந்த முடிவுகளுக்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

நான் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இயந்திரப் படிப்பு எதுவும் படித்தவள் இல்லை. தினமும் வேலைக்குப் போய்வர ஒரு புதிய கார் வைத்திருக்கிறேன். அது நல்ல வண்டிதான், ஆனால் அதன் பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுவது ஒரு பிளாஸ்டிக் மூடி மட்டுமே. ஒரு விளக்கு எரிந்தால்கூட சர்வீஸ் சென்டரில் கணினியை இணைத்துப் பார்த்துவிட்டுத்தான் காரணம் சொல்கிறார்கள். நான் கழற்றிப் பார்த்து, புரிந்துகொண்டு, என் கையாலேயே திரும்பப் பூட்டக்கூடிய ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை பல வருடங்களாக இருந்தது. அந்த ஆசைக்குப் பத்மினியைவிடப் பொருத்தமான கார் நம் நாட்டில் குறைவு. 1089 சிசி கொள்ளளவு, நான்கு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் ஒரு கார்ப்பரேட்டர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், அவ்வளவுதான். பானெட்டைத் திறந்தால் என்ஜினின் இரண்டு பக்கமும் கை நுழைய இடம் இருக்கிறது.

இத்தாலியின் ஃபியட் 1100 காரை, பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுத் தயாரித்தார்கள். 1974-இல் அதற்குப் பத்மினி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஊரில் இன்றும் யாரும் அதைப் பத்மினி என்று சொல்வதில்லை, 'ஃபியட்' என்றுதான் சொல்கிறார்கள். பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக இந்தக் கார் பெற்ற புகழ் எல்லாரும் அறிந்தது. அங்கே கடைசியாக 2003 அக்டோபரில் பதிவான பத்மினி டாக்சி, இருபது ஆண்டு வயது வரம்பை எட்டி 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் என் வண்டி வேலை முடிந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான இழப்பு அந்த ஒரு மணி நேரத்திலேயே நிச்சயமாகிவிடுகிறது. பெயிண்டையும் சீட்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் முழங்காலிட்டு அடியைப் பார்க்க வேண்டும். லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சேசிஸ் பத்மினிக்குக் கிடையாது. பாடியும் அடித்தளமும் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டவை. ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டும், காலடியில் இருக்கும் பிளாட்பாரத் தகடும் துருப்பிடித்தால் அழகு மட்டும் போகவில்லை, வண்டியின் முதுகெலும்பே போகிறது என்று பொருள். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். தகடு இருக்கும் இடத்தில் அது கவ்விப் பிடிக்கும், பள்ளத்தை நிரப்பும் பட்டியைத் தடிமனாகப் பூசியிருக்கும் இடத்தில் வழுக்கிக் கீழே விழும். முன் இடது கதவின் அடிப்பகுதியிலும், பேட்டரிக்குக் கீழே இருந்த தட்டிலும், ஓட்டுநரின் காலடியிலும் அது விழுந்தது. மற்ற இடங்களில் எல்லாம் கவ்வியது. கண்ணாடிகளைச் சுற்றிய ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தால், அதன் வழியே இறங்கிய மழைநீர் எங்கே போய்த் தங்கியது என்றும் தேடிப் பார்க்க வேண்டும். என் வண்டியில் அது டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி ஒயர்களை நனைத்திருந்தது.

அடுத்தது என்ஜின். குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்ல வேண்டும். நாம் போய்ச் சேரும்போதே என்ஜின் சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படுவதில் தவறில்லை. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இவை எல்லா மெக்கானிக்குகளும் சொல்வதுதான். நான் கூடுதலாக சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் ஒரு கம்ப்ரெஷன் கேஜ் கொண்டு போயிருந்தேன். நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தபோது 118, 120, 82, 116 பி.எஸ்.ஐ. என்று வந்தது. மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி ஆயில் ஊற்றி மீண்டும் பார்த்தேன். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து அளவு சட்டென்று ஏறும். 84-க்கு மேல் ஏறவில்லை. ஆக, ரிங் அல்ல, வால்வு. என்ஜினை முழுதாக இறக்க வேண்டியதில்லை, வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும் என்று அந்த இடத்திலேயே தெரிந்தது.

வண்டியின் உரிமையாளர் எழுபதைக் கடந்த பெரியவர். 90,000 கேட்டிருந்தார். கேஜில் வந்த அளவை எழுதிய தாளை அவரிடம் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நீங்க ஓட்டறதுக்குத்தான் வாங்கறீங்கன்னு தெரியுதுங்க அம்மணி. உடைக்கறவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான் இத்தன நாளா வெச்சிருந்தேன்" என்று சொல்லி 70,000-க்குச் சம்மதித்தார்.

ஆவணங்களைப் பொறுத்தவரை எனக்குச் சிரமம் இருக்கவில்லை. பதினைந்து ஆண்டு கடந்த கார்களின் பதிவை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அவர் 2021-இல் புதுப்பித்த கையோடு கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஓட்டுவதை நிறுத்தியிருந்தார், அதனால் 2026 வரை பதிவு உயிரோடு இருந்தது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து, இன்ஷூரன்ஸோடு சேர்த்துக் கொடுத்தால் பெயர் மாற்றம் முடிந்துவிடும். பதிவு காலாவதியான வண்டியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2022 ஏப்ரல் 1 வரை வெறும் 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் அன்று முதல் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு அதை 10,000 ஆக உயர்த்திவிட்டார்கள். தாமதக் கட்டணமும் பசுமை வரியும் இதற்கு மேல். '40 வருட வண்டி என்றால் விண்டேஜ் பதிவு வாங்கலாமே' என்று சிலர் சொல்கிறார்கள். 2021 ஜூலையில் வந்த அந்த விதி ஐம்பது ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது. என் வண்டிக்கு அந்த வயது வர 2031 ஆகும்.

வண்டி கோவைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலையே தவறான இடத்தில் ஆரம்பித்தது. டிங்கரிங் வேலைக்குப் பெயர் பெற்ற ஒரு பட்டறையில் விட்டேன். மூன்று வாரத்தில் பிளாட்பாரம் முழுவதும் புதிதாகப் போட்டுவிட்டதாகச் சொல்லி 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அடியில் படுத்துப் பார்த்தால் கறுப்புப் பூச்சு பளபளவென்று இருந்தது. அக்டோபரில் முதல் கனமழையில் ஓட்டியபோது கால்கள் நனைந்தன. வீட்டுக்கு வந்து காலடி விரிப்பைத் தூக்கிவிட்டு அதே காந்தத்தை வைத்தேன், அது விழுந்தது. ஸ்க்ரூடிரைவரால் கீறியபோது மேலே தார்ப் பூச்சு, அதற்குக் கீழே கெட்டியான பட்டி, அதற்கும் கீழே கண்ணாடி நார்த் துணி, எல்லாவற்றுக்கும் அடியில் அப்பளம்போல நொறுங்கும் பழைய துருத் தகடு என்று அடுக்கடுக்காகப் பிரிந்து வந்தது. என் முழு எடையையும் ஏற்றிக்கொண்டு அந்தத் தகட்டின் மேல்தான் இருக்கை நின்றது என்று நினைத்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பணம் போனதுகூடப் பெரிதில்லை. உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றை மூடி மறைத்து, அதை வேலை என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகுதான் கோவையின் கணபதி பகுதியில் ஒரு மேஸ்திரியின் பட்டறைக்குப் போனேன். நாற்பது ஆண்டுகளாக ஃபியட் வேலை செய்கிறவர். துருப்பிடித்த இடத்துக்கு நான்கு விரல் அகலம் தள்ளி, நல்ல தகடு தொடங்கும் இடம் வரை வெட்டி எடுத்தார். 18 கேஜ் தகட்டை, பழையதில் இருந்த மேடு பள்ளத்தைப் போலவே மடித்துத் தட்டி உருவாக்கினார். வெட்டுவதற்கு முன் கதவு நிலைகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைத்துக்கொண்டார். அப்படிச் செய்யாவிட்டால் கூடு தளர்ந்து, பிறகு கதவுகள் சரியாக மூடாது என்றார். சி.ஓ.டூ. வெல்டிங்கிலும் ஒரே மூச்சில் கோடு இழுக்காமல் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று வைத்து, சூட்டில் தகடு நெளியாதபடி பார்த்துக்கொண்டார். எல்லா வெல்டும் முடிந்த பிறகு, பூச்சு எதுவும் அடிப்பதற்கு முன், "வந்து பாத்துட்டுப் போங்க அம்மணி, அப்பறந்தான் மூடுவேன்" என்று அவரே கூப்பிட்டுக் காட்டினார். பழைய கார் வேலை செய்யக் கொடுக்கிறவர்கள் இந்த ஒரு நிபந்தனையை மட்டும் விடவே கூடாது. வெல்டைக் கண்ணால் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்ட பிறகே அண்டர் கோட்டிங் அடிக்க அனுமதிக்க வேண்டும்.

பிளாட்பாரம் உறுதியான பிறகுதான் எதை மாற்றுவது என்ற கேள்வி முழு அளவில் எழுந்தது. நண்பர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அலாய் வீலும் அகலமான டயரும் போடு என்றார்கள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியரைத் தரைக்கு மாற்று என்றார்கள். புது என்ஜின் வைத்துவிடு, ஏசி போடு என்றும் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி, எதிரே இரண்டு கேள்விகளை வைத்தேன். இது வண்டியை நிறுத்தவோ, இரவில் வழி காட்டவோ, விபத்தில் உள்ளே இருப்பவரைக் காக்கவோ உதவுமா? இல்லையென்றால், இதை மாற்றிய பிறகும் இது பத்மினியாக இருக்குமா? முதல் கேள்விக்கு ஆம் என்று வந்தவற்றை எல்லாம் தயங்காமல் செய்தேன். இரண்டாவதற்கு இல்லை என்று வந்தவற்றைத் தொடவில்லை.

அதன்படி முதலில் சீட் பெல்ட். 1981 வண்டியில் அது கிடையாது, பூட்ட இடமும் கிடையாது. கடையில் பெல்ட் வாங்கிச் சாதாரணத் தகட்டில் துளை போட்டுப் பூட்டினால் மோதலில் அது தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் நடுத் தூணிலும் தரையிலும் உள்பக்கமாக 3 மி.மீ. தடிமன் தகட்டைப் பற்றவைத்து, அதில் நட்டை இணைத்து, பெல்ட்டுக்கே உரிய 7/16 அங்குல உயர்தர போல்ட்டால் பூட்டினோம். அடுத்தது முகப்பு விளக்கு. பழைய அமைப்பில் விளக்குக்குப் போகும் மின்சாரம் முழுவதும் ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தபோது பல்பின் முனையில் 10.4 தான் வந்தது. அத்தனையும் பழைய ஒயரிலும் தேய்ந்த ஸ்விட்சிலும் வீணாகிறது. சிறு மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சான ரிலே இரண்டை வைத்து, பேட்டரியிலிருந்து நேராகப் புது ஒயர் இழுத்து, ஸ்விட்ச் ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் செய்யும்படி மாற்றியதும் 12.1 வந்தது. அதிக வாட் பல்பு போட்டு எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசச் செய்யாமல், அதே விளக்கில் போதிய வெளிச்சம் கிடைத்தது. வண்டியில் இருந்த டைனமோ, சிக்னலில் நிற்கும்போது சார்ஜே ஏற்றாது. அதை எடுத்துவிட்டு மாருதியில் வரும் சிறிய ஆல்டர்னேட்டரைப் பூட்டினோம். பெல்ட் நேர்கோட்டில் ஓடுவதற்காக ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத்தில் தாங்கியைக் கடைந்து வாங்கினேன். டிஸ்ட்ரிபியூட்டரில் தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தேன். எடுத்த பாயிண்ட் செட்டும் கண்டென்சரும் ஒரு டப்பாவில் வண்டியிலேயே இருக்கின்றன. வழியில் அந்த எலக்ட்ரானிக் மாட்யூல் போனால் பழையதைப் பூட்டி, 0.4 மி.மீ. இடைவெளி வைத்து வீடு வந்து சேரலாம்.

தொடாமல் விட்டவற்றில் முதன்மையானது கியர். ஸ்டியரிங்குக்குக் கீழே இடது கைக்கு எட்டும் அந்தக் கம்பியும், அதன் காரணமாக முன்பக்கம் ஒரே நீளமாக இருக்கும் பெஞ்சு சீட்டும்தான் இந்தக் காரின் குணம் என்று நான் நினைக்கிறேன். கியர் சிக்குகிறது என்றுதான் பலரும் அதை மாற்றிவிடுகிறார்கள். சிக்குவதற்குக் காரணம் கியர் பாக்ஸ் அல்ல, ஸ்டியரிங் தண்டிலிருந்து கியர் பாக்ஸ் வரை போகும் கம்பிகளின் மூட்டுகளில் தேய்ந்துபோன புஷ் வளையங்கள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் ஆடினால், கைக்கு வரும்போது அத்தனையும் சேர்ந்து ஓர் அங்குல ஆட்டமாகிவிடுகிறது. எல்லாப் புஷ்ஷையும் நைலானில் கடைந்து போட்டதும், இரண்டு விரலால் மூன்றாவது கியர் விழுந்தது. அகலமான டயரும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் அது திருப்புவதைக் கடினமாக்கும், முன் சக்கரம் திரும்புவதற்கான அச்சான கிங் பின்களுக்கும் சுமையைக் கூட்டும். 40 குதிரைத்திறனை ஒட்டிய என்ஜினுக்கு ஏசியும் பாரம்தான். பதிலாகக் கூரையின் உள்பக்கம் வெப்பம் தடுக்கும் விரிப்பை ஒட்டிவிட்டு, முன்கதவின் முக்கோணச் சிறு கண்ணாடியைச் சரியாகத் திறக்கும்படி செய்தேன். ஓடும்போது அந்தக் கண்ணாடி வாரித் தரும் காற்று மார்கழி, தை மாதங்களில் போதுமானது. சித்திரையில் போதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்ஜினை மாற்றாததற்குச் சட்டமும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை உருமாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கூரையை வெட்டுவது, கூட்டின் அமைப்பை மாற்றுவது எல்லாம் முடியாத காரியம், அது சரியான கட்டுப்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஆர்.சி.யில் உள்ளதிலிருந்து வேறு வண்ணம் அடிக்க விரும்பினால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஆர்.சி.யில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அந்தத் தேவை வந்தது. நான் வாங்கியபோது வண்டி வெளிறிய சந்தன நிறத்தில் இருந்தது, ஆர்.சி.யிலும் அப்படித்தான். பெயிண்டர் வேலையைத் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, டிக்கி மூடியின் உள்விளிம்பில் 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகத் தேய்த்துப் பார்த்தேன். சந்தனம் போய்ச் சாம்பல் நிற பிரைமர் வந்தது, அதன் கீழே அடர்ந்த மெரூன், மீண்டும் ஒரு பிரைமர், பிறகு மெல்லிய வெள்ளை. நீர் கலங்கி வழிய வழியத் துடைத்துக்கொண்டே தேய்த்தேன். கடைசியில் நடுவில், மிளகளவுக்கு, மழை விட்ட பிறகு தெரியும் வானத்தின் நீலம் வந்தது. வெட்டிய மரத்தின் வளையங்களைப்போல அந்தச் சிறு வட்டத்துக்குள் நாற்பது ஆண்டுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. முதலில் நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது கரும்பச்சை. அந்த நீலத்தைப் பார்த்த பிறகு பச்சை அடிக்க மனம் வரவில்லை. பெயிண்ட் கடைக்கு டிக்கி மூடியையே கழற்றி எடுத்துப்போய், அந்தப் புள்ளியோடு ஒப்பிட்டு நான்கு முறை கலக்கச் சொல்லி, ஐந்தாவது முறைதான் பொருந்தியது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, அடித்த பிறகு வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ஆர்.சி.யில் நீலம் என்று பதிந்து வாங்கினேன். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் கொடுத்தேன். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஹெட்டை இறக்கியபோது மூன்றாவது சிலிண்டரின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்து விளிம்பில் பிளந்திருந்தது, அது உட்காரும் சீட்டும் உள்வாங்கியிருந்தது. காரணம் எளிமையானது. இந்த என்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. வால்வும் சீட்டும் ஓயாமல் மோதிக்கொள்ளும் இடத்தில் அந்த ஈயம் ஒரு மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைக் குறைத்துவந்தது. நாடு முழுவதும் 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. காற்றுக்கும் குழந்தைகளின் உடல்நலத்துக்கும் அது மிகப் பெரிய நன்மை, ஆனால் பழைய என்ஜின்களின் வால்வு சீட் அன்று முதல் பாதுகாப்பில்லாமல் போனது. நான்கு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் கடினமாக்கப்பட்ட சீட் வளையங்களைப் போட்டோம். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பை அறிமுகம் செய்தார்கள். பழைய ரப்பர் ஹோஸ்களை அது ஊறவைத்துப் பிளக்கிறது, ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. அதனால் டேங்க்கிலிருந்து கார்ப்பரேட்டர் வரை எல்லா ஹோஸையும் பம்பின் சவ்வையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றினேன். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதில்லை. எரிபொருள் குழாயில் ஒரு சொட்டுக் கசிவுகூட என்ஜின் அறையில் தீயாக முடியலாம் என்பதால், பழைய கார் வைத்திருக்கிறவர்கள் அனைவரும் இதை இந்த வாரமே பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சில்லறைச் சாமான்களுக்காகச் சென்னைப் புதுப்பேட்டைக்கு மூன்று முறை போனேன். புதுச் சாமான்களுக்குப் பக்கத்திலேயே ஜி.பி. ரோடு இருக்கிறது, கழற்றிய பழைய சாமான்களுக்குப் புதுப்பேட்டை. கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, சக்கர மூடி என்று ஒவ்வொன்றுக்கும் ஆறு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. போகும்போது நம் வண்டியின் சாமானைக் கையில் கொண்டுபோவது நல்லது. வாயால் சொன்னால் 'இதேதான்' என்று சொல்லி வேறொன்றைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். குரோம் பூச்சு போன பழைய கைப்பிடி ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கி, கோவையில் முலாம் பூசிக்கொண்டது புதிதாக விற்ற நகலைவிடக் கனமாகவும் உறுதியாகவும் அமைந்தது.

செலவைக் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் பட்டறையில் போன 18,000 நீங்கலாக, டிங்கரிங்குக்கு 48,000, பெயிண்டுக்கு 55,000, என்ஜினுக்கு 32,000, மின் வேலைக்கு 11,000, குஷன் வேலைக்கு 14,000, பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் 16,000, ஐந்து டயர்களுக்கு 18,000 ஆயிற்று. வாங்கிய விலையைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். விற்றால் இந்தப் பணம் திரும்பாது. முதலீடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிரேக்கைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை, அது இன்னும் முடியாத வேலை. பத்மினிக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான், மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. டிஸ்க் பிரேக் போடுவதைப் பற்றி நீண்ட நாள் யோசித்தேன். என் முதல் கேள்விக்கு அது ஆம் என்றுதான் பதில் சொல்கிறது. ஆனால் வேறொரு காரின் டிஸ்க்கைப் பொருத்த, சக்கரத்தைத் தாங்கும் அச்சையே கடைய வேண்டும் என்று தெரிந்ததும், "அச்சுல கை வெக்க மாட்டேங்க" என்று மேஸ்திரி மறுத்துவிட்டார். அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர், ஹோஸ் அனைத்தையும் புதிதாகப் போட்டு, ஷூக்களுக்கு லைனர் மாற்றி, டிரம்மைக் கடைந்து வட்டமாக்கி, ஹேண்ட் பிரேக்கையும் தனியாக வண்டியை நிறுத்தும் அளவுக்குச் சரிசெய்து வைத்தோம்.

சென்ற மாதம் வண்டியை வால்பாறைக்கு ஓட்டிப் போனேன். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது என்ஜின் சூடு முக்கால் அளவுக்கு மேல் போகவில்லை. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வைத்து, பிரேக்கை விட்டு விட்டுத்தான் மிதித்தேன். டிரம் பிரேக்கில் காலை அழுத்தியே வைத்திருந்தால் சூட்டில் பிடிமானம் போய்விடும். ஒன்பதாவது வளைவில், அணை முழுவதும் கீழே தெரியும் லோம்ஸ் வியூவில் நிறுத்தி இறங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். முன்னிரண்டும் அனலாக இருந்தன. பின் வலது வெதுவெதுப்பாக இருந்தது. பின் இடது சக்கரம் மட்டும் குளிர்ந்து கிடந்தது. முப்பத்தொரு வளைவுகளிலும் அது வேலையே செய்யவில்லை. வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம், ஷூவின் இடைவெளி விலகியிருக்கலாம். மீதி ஒன்பது வளைவுகளை இன்னும் மெதுவாக இறங்கி வந்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த டிரம்மைக் கழற்றுகிறேன்.